பீரோ இழுத்த முள்

அன்பு மகளுக்கு,

உன் மேல் சலாம் உண்டாகட்டும். நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். இன்று காலை போனில் நான் 'ஹலோ' சொன்ன விதத்திலேயே மாத்திரை போடவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாய். நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் மட்டும் நம்பிவிடவா போகிறாய்? போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ குறுக்கே கேள்வி கேட்கிறாய், அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அழ ஆரம்பித்துவிடுகிறாய். துபாயில் இருந்த காலத்தில் எழுதிப் பேசித்தான் எனக்குப் பழக்கம். எழுதும்போது யாரும் இடையில் புக முடியாது என்பது அதில் உள்ள பெரிய வசதி. ஆகவே உட்கார்ந்து முழுவதையும் படி. ஜெர்மனியில் அந்த ஆய்வகத்துக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ போகவில்லை என்று எங்களிடம் சொல்லிவிட்டாய். அவர்களுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. அதை அனுப்புவதற்கு முன் நீ இதைப் படிக்க வேண்டும்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. அதிராம்பட்டினத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் துணிமணியோடு பெண் வீட்டுக்கு வர வேண்டும். நானும் அப்படித்தான் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். புது மாப்பிள்ளை மவுசு தீர்வதற்குள் துபாய்க்குப் போயும் விட்டேன். கொழும்பு, பினாங்கு என்று கப்பலேறிய காலத்திலிருந்தே இந்த ஊரில் ஆண்கள் கிளம்புவார்கள், பெண்கள் வீட்டில் இருப்பார்கள். நான் கிளம்பிய வருஷங்களில், டெல்லியில் வெளிநாட்டு வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி உலகம் நம் வாசலுக்கே வரப்போகிறது என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்ததும் உலகம் உள்ளே வந்ததோ இல்லையோ, நாங்கள் அத்தனை பேரும் வெளியே போனோம். அப்படிப் போனவர்களில் பெண் ஒருத்தியும் இல்லை. நம் குடும்பத்தில் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய முதல் பெண் நீ. ஏர்போர்ட்டில் கையசைத்துவிட்டு வெறும் காரில் வீட்டுக்குத் திரும்பும் வேலை எனக்கு. அந்த வேலையில் எனக்கு முன் அனுபவம் கிடையாது, உன் உம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ போகத்தான் வேண்டும் என்று நான் ஏன் சொல்கிறேன் என்பதற்குப் பெரிய பெரிய காரணங்கள் எல்லாம் என்னிடம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரே காரணம், அது அந்தக் காம்பஸ். நீ சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது லீவில் வந்த நான் கிப்லா, அதாவது தொழும் திசை, பார்க்கும் காம்பஸ் ஒன்றைக் கொண்டுவந்தேன். பச்சை வெல்வெட் உறை, கூடவே ஒவ்வொரு ஊருக்கும் எந்த எண்ணில் முள்ளை நிறுத்த வேண்டும் என்று அச்சடித்த சின்னப் புத்தகம். அந்த நாளில் நம் வீடுகளில் 'ஃபாரின்' என்ற சொல்லுக்கு இருந்த மரியாதை உனக்கு நினைவிருக்கும். ஃபாரின் சோப்பு, ஃபாரின் போர்வை, ஃபாரின் டார்ச். ஃபாரின் என்று சொல்லிவிட்டால் அதில் குறை இருக்க முடியாது. வந்த அன்றே தொழும் அறையில், உன் உம்மாவின் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோவின் காலடியில், காம்பஸைத் தரையில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். நாம் தொழுதுகொண்டிருந்த பக்கத்துக்கும் அது காட்டிய பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது நேராக அடுப்படியைக் காட்டியது.

"இத்தனை வருஷமா தப்பான பக்கம் பாத்துத் தொழுதிருக்கோம்" என்று நான் அறிவித்தேன்.

உன் உம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "பள்ளிவாசல் கட்டுனவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு? அடுப்படியப் பாத்தா தொழணும்? நாள் பூரா அதைத்தானே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்!"

"பள்ளிவாசலைப் பத்தி நான் பேசலை. நம்ம வீடு கோணலாக் கட்டியிருப்பாங்க. இது ஃபாரின் காம்பஸ், பொய் சொல்லாது."

தொழுகை விரிப்பைத் திருப்பிப் போட்டேன். சில நாட்கள் வீடு முழுக்க அடுப்படியைப் பார்த்துத்தான் தொழுதது. அடுப்பில் குழம்பு கொதிக்கும் வாசனை நேராக முகத்தில் அடிக்கும். உன் உம்மா தொழுது முடித்து சலாம் கொடுத்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நான் கண்டுகொள்ள மாட்டேன். அந்தச் சில நாட்களில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் காம்பஸை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவாய். பிள்ளை விளையாடுகிறது என்று விட்டுவிட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பார்த்தால், தரை முழுவதும் சாக்பீஸால் அம்புக்குறிகள். வாசலில், கூடத்தில், நடையில், கதவு மூலையில் என்று ஓர் இடம் மிச்சமில்லை. வாசலிலும் கூடத்திலும் எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்த்து ஒழுங்காக நின்றன. தொழும் அறையை நெருங்க நெருங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கடைசியில் எல்லாம் பீரோவைச் சுற்றி வளைந்து அதன் காலடியில் போய் முட்டின. சாக்பீஸ் தூள் மூக்கெல்லாம் ஒட்டியிருக்க நீ அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாய்.

"என்னம்மா இது?"

"வாப்பா, காம்பஸ் பொய் சொல்லலை. பீரோ பக்கத்துல இருந்தா அதுக்கு பீரோதான் வடக்கு. தள்ளி வச்சா சரியாயிடுது. நீங்களே வந்து பாருங்களேன்."

வந்து பார்த்தேன். வாசலில் வைத்தால் அது அச்சுப் பிசகாமல் நம் பள்ளிவாசல் பார்க்கும் பக்கத்தையே காட்டியது. உன் உம்மா விரிப்பை எடுத்துப் பழைய பக்கமே போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே போய்ச் சிரித்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். இன்று வரை நான் எதையாவது அடித்துப் பேசினால், "ஆமா, அடுப்படி கிப்லாதானே" என்பாள், நான் அடங்கிவிடுவேன். ஆனால் எனக்கு அன்று வந்தது வெட்கம் இல்லை, பெருமை. வாப்பா சொன்னது தப்பு என்று நீ சொல்லவில்லை, காம்பஸ் கெட்டுப்போய்விட்டது என்றும் சொல்லவில்லை. ஓர் அடி வைத்து ஒரு கோடு போட்டு, மறுபடி ஓர் அடி வைத்து ஒரு கோடு போட்டு, வீடு முழுக்கத் தவழ்ந்து பார்த்திருக்கிறாய். இந்தப் பொறுமை என் வம்சத்தில் யாருக்கும் கிடையாது. உன் உம்மா அது தன் வம்சம் என்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு நீ தஞ்சாவூரில் படிப்பை முடித்து, ஜியாலஜி மேல்படிப்புக்குச் சென்னைக்குப் போனாய். கல்லையும் மண்ணையும் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டவர்களிடம், அவளையே கேளுங்கள் என்றேன். ஒரு லீவில் நீ காவிரிப் படுகையைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னாய். படுகை என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கும்பகோணம் பக்கம் போகும்போது ஆற்றங்கரையை ஒட்டி வாழை போட்டிருப்பார்களே, அந்தப் படுகை. நீ சிரித்துக்கொண்டே, அது மேல் தோல்தான் வாப்பா என்றாய். நாம் நெல் நட்டு, வீடு கட்டி, பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும் இந்த மண் முழுவதும் ஒரு பெரும் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு கிடக்கிறது என்றாய். அடியில் ஆழத்துக்கு ஆழம் அடுக்கு அடுக்காக மணலும் சேறும் பாறையும், ஆறு கொண்டுவந்தது ஓர் அடுக்கு, கடல் உள்ளே வந்து போட்டது இன்னோர் அடுக்கு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் குவாரியில் கடல் சிப்பி கிடைக்கிறது, ஒரு காலத்தில் அங்கே கடல் நின்றது என்றாய். கடல் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதால், அரியலூர் வரைக்கும் அது போய் வந்தது என்பதை நம்ப எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. எனக்குப் புரியாததெல்லாம், எந்த அடுக்கு எப்போது விழுந்தது என்று யாரிடம் போய்க் கேட்பாய் என்பதுதான்.

அதற்கு நீ தந்த பதிலை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. பள்ளிவாசல் வாசலில், மருந்துக்கடையில், பட்டுக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். நான் துபாயிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகளை எடுத்துவரச் சொன்னாய். கடிதத்தில் எழுத முடியாததையெல்லாம் டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசி, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்துவிடுவோமே, அந்தக் கேசட்டுகள். ஒன்றின் நாடாவை இழுத்துக் காட்டினாய். "இந்த பிரவுன் கலர் என்ன தெரியுமா வாப்பா? இரும்புத் தூள். உங்க குரலை இதுதான் பிடிச்சு வச்சிருக்கு. சேத்துலயும் இதே மாதிரி இரும்புத் துகள் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. தண்ணி அசையாம நிக்கிற எடத்துல அது மெதுவா எறங்கும்போது, காம்பஸ் முள் மாதிரி வடக்கே திரும்பிக்கிட்டே எறங்கும். மேல மேல சேறு விழுந்து அமுக்கினதும் அப்படியே பூட்டிக்கும்." பிறகு இன்னொன்றும் சொன்னாய். இந்தப் பூமியின் காந்த வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கிறதாம். அப்படி மாறிய காலத்தில் விழுந்த அடுக்கில் துகள்கள் தலைகீழாகத் திரும்பி நிற்குமாம். எந்த அடுக்கில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் அடுக்கின் வயது தெரியுமாம். துகளின் தன்மையைப் பார்த்தால் ஆறு அதை எந்தப் பாறையிலிருந்து அரித்துக்கொண்டு வந்தது, அதன் மேல் கடல் வந்து எவ்வளவு காலம் நின்றது என்பதுகூடத் தெரியவருமாம்.

"சுப்ஹானல்லாஹ்" என்றேன். அடுத்த நிமிஷமே ஒரு பயம் வந்தது. "வடக்கே மாறிடும்னா, அப்ப கிப்லா?"

"கிப்லா எங்கேயும் போகாது வாப்பா. முள்ளுதான் மாறும்."

உன் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, நீ சூடாக்கி அழிக்கும் வேலை. கல்லுக்குள் முதலில் பதிந்த பழைய திசையின் மேல் பிற்காலத்துத் திசைகளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே கல்லைக் கொஞ்சம் சூடாக்கி, ஆறவிட்டு, அளந்து, மறுபடி இன்னும் கொஞ்சம் சூடாக்கி, ஒட்டிக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாய். எல்லாம் கழன்ற பிறகு அடியிலிருந்து அந்தப் பழைய திசை வெளியே வருகிறது. இதை உன் உம்மாவிடம் விளக்கினேன். "கல்லை அடுப்புல வச்சு வேக வைக்கிறாளாமே. என்னைக்கு வெந்து, என்னைக்கு எறக்க?" என்றாள். ஆனால் உனக்கு அது சின்ன வயதிலேயே கைவந்த வேலை. நான் கேசட்டில் 'ரொம்ப நல்லா இருக்கேன், ஒரு குறையும் இல்லை' என்று பேசி அனுப்புவேன். வீட்டில் எல்லோரும் அதைக் கேட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். நீ மட்டும் டேப்ரிக்கார்டரில் காதை வைத்துக்கொண்டு, "வாப்பா இருமுறாங்க, ரூம்ல இன்னும் நெறைய பேர் தூங்குறாங்க, யாரோ குறட்டை விடுறாங்க" என்று சொல்வாயாம். உன் உம்மா அடுத்த கடிதத்தில் அதையெல்லாம் எழுதிக் கேட்டாள். நான் மேலே பூசியதையெல்லாம் கழற்றிவிட்டு அடியில் இருந்ததை நீ கேட்டிருக்கிறாய்.

சீர்காழிக்கு உன்னுடன் வந்த நாளைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. கோடையில் குளம் தூர்வார ஆழமாகத் தோண்டியிருந்தார்கள், அந்தப் பள்ளத்தின் சுவரில் நீ சேறு எடுக்க வேண்டும். பெண்பிள்ளை தனியாகப் போவதா என்று உன் உம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். கூடவே தன் அகப்பைகள் இரண்டைப் பறிகொடுத்த வருத்தமும் அவளுக்கு இருந்தது. இரும்பு படக்கூடாது என்று சேறு சுரண்ட நீ சிரட்டை அகப்பையைத்தானே எடுத்துப்போனாய். பள்ளத்தில் இறங்கியதும், நான் என் கடமையைச் செய்வதாக நினைத்து உன் தலைக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தேன். தீயாய்க் கொளுத்தும் வெயில். நீ சுவரைச் சுத்தமாகச் சுரண்டி, சின்ன பிளாஸ்டிக் டப்பாவைச் சேற்றில் அழுத்தி, அதன் முதுகில் காம்பஸை வைத்துப் பார்த்தாய். நெற்றியைச் சுருக்கி மறுபடி பார்த்தாய். பிறகு தலையைத் தூக்கி என் குடையைப் பார்த்தாய்.

"வாப்பா, குடையில கம்பி இருக்குல்ல? முள்ளை இழுக்குது. மடக்கிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"வெயில் சுடுமேம்மா."

"சுட்டாப் பரவாயில்லை. தள்ளி நில்லுங்க வாப்பா."

தள்ளிப் போய் நின்றேன். போதாது என்றாய், இன்னும் தள்ளினேன். என் பையில் நீ கொடுத்துவைத்த காந்தம் வேறு இருந்ததால் கடைசியில் கரையில் நின்ற கருவேல மரத்தடிக்கே போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தேன். நீ டப்பாவை அழுத்துவாய், அதன் மேல் அம்புக்குறி போடுவாய், திசையைக் குறிப்பாய், அதற்கப்புறம்தான் சேற்றோடு அறுத்து வெளியே எடுப்பாய். ஒருமுறைகூட வரிசை மாறவில்லை. வீடு திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், எடுத்த பிறகு நிழலில் உட்கார்ந்து நிதானமாக அம்பு போடக்கூடாதா என்று. "எடுத்த பெறகு போட்டாப் பிரயோஜனமே இல்லை வாப்பா. அப்ப அது வெறும் சேறு. தூக்குறதுக்கு முன்னாடி அம்பு போட்டுட்டா, எந்த ஊருக்கு வேணா கொண்டு போகலாம். எத்தனை தடவை திருப்பினாலும், அது எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லிடலாம்" என்றாய்.

அன்று அந்த ஊர்க்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டதும் ஞாபகம் இருக்கிறதா? டெல்டாவில் யார் பள்ளத்தில் இறங்கி டப்பாவில் மண் எடுத்தாலும் எண்ணெய்க் கம்பெனி ஆள் என்ற பயம்தான் முதலில் வரும், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நில்லுங்க என்று ஒருவர் குரலை உயர்த்தியதும் நான் மரத்தடியிலிருந்து ஓடி வந்தேன். நீ கையைக் காட்டி என்னை அங்கேயே நிறுத்திவிட்டாய். காந்தம் பையில் இருக்கிறதே!

"போர் போட வந்தவ இல்லைங்கய்யா. இந்த மண்ணு எப்ப வந்துச்சு, எங்கேருந்து வந்துச்சுன்னு பாக்க வந்திருக்கேன்."

"காவேரி கொண்டாந்துச்சு. இதுல பாக்க என்னம்மா இருக்கு?"

"வாங்க, காட்டுறேன்" என்று அவர்களை என்னிடம் கூட்டிவந்தாய். காய்ந்த மண்ணைப் பொடித்துக் காகிதத்தில் பரப்பி, பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தைப் போட்டு அதன் மேல் ஓட்டினாய். கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ எழுந்து பையில் ஒட்டிக்கொண்டு முள்முள்ளாக நின்றது. அதட்டியவர் குனிந்து பார்த்தார். "நம்ம வயலு மண்ணுலயா இது?" என்றார். ஆமாங்க, மேற்கே மலையில இருந்த பாறை, ஆத்தோட வந்திருக்கு என்றாய். கேட்டதையெல்லாம் அவரிடம் பொறுமையாகச் சொன்னாய், தெரியாததைத் தெரியாது என்றாய். போகும்போது அவர் என்னிடம், "உங்க பொண்ணா? நல்லாப் படிக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் துபாய்க் காசில் இழுத்துக் கட்டிய வீட்டைக்கூட யாரும் அப்படிப் பார்த்துப் பாராட்டியதில்லை.

இனி என் காலுக்கு வருவோம். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்தேன், தொடை எலும்பு முறிந்தது, உள்ளே கம்பி வைத்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நீ ஓடி வந்தாய். கட்டிலில் நான் வலியில் முனகிக்கொண்டிருந்தபோது என்னைச் சிரிக்க வைப்பதற்காகப் பையிலிருந்து அந்தப் பழைய காம்பஸை எடுத்து என் தொடை மேல் வைத்தாய். முள் அசையவே இல்லை. "பாருங்க, காந்தம் இழுக்காத உலோகமாத்தான் வச்சிருக்காங்க. இனிமே நீங்களே என்கூட வந்து காம்பஸ் பிடிக்கலாம்" என்றாய். நர்ஸ்கூடச் சிரித்தாள். அந்த முள் அசையவில்லைதான். ஆனால் அதற்கப்புறம் ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தபோது, "வேணாம் வாப்பா, உங்க கால் சரியாகட்டும். நான் இங்கேயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கிறேன்" என்று போனில் சொன்னாயே, அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காம்பஸ் முள்ளை இழுக்காத அந்தக் கம்பி உன்னை இழுத்துவிட்டது.

மகளே, நீ அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை, மறைத்தாலும் நீ கண்டுபிடிப்பாய். மகள் எனக்காக இங்கேயே இருக்கப்போகிறாள் என்று அன்று முழுக்க வீட்டில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி உலாத்தினேன். தொழும் அறைப் பக்கம் போனபோது பீரோ கண்ணில் பட்டது. அது இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது, ஒரு கதவு சரியாக மூடாது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பீரோ பக்கத்துல இருந்தா அதுக்கு பீரோதான் வடக்கு என்று நீ சொன்னது காதில் கேட்டது. பீரோ ஒரு தப்பும் செய்யவில்லை. அது பாட்டுக்கு வீட்டில் நிற்கிறது, இரும்பாக இருக்கிறது, அவ்வளவுதான். குடையும் உனக்கு நிழல் தரத்தான் விரிந்தது. நானும் கால் ஒடிந்து உட்கார்ந்திருக்கிறேன், உன் மேல் உயிரையே வைத்திருக்கிறேன். ஆனால் நீ என் பக்கத்தில் நின்றுகொண்டு பார்க்கும்வரை நான்தான் உனக்கு வடக்காகத் தெரிவேன். சின்னப் பிள்ளையாகத் தரையில் தவழ்ந்து இதைக் கண்டுபிடித்தவள் நீ. உன் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிட்டால் நான் எப்படிச் சும்மா இருப்பது?

உன் உம்மா என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே அவளிடம் பேச்சை எடுத்தேன். முதலில் சண்டைதான். நம்ம வீட்டுப் பொம்பளைங்க யாரும் வாசல் தாண்டிக் குடித்தனம் போனதில்லை, அவளுக்குன்னுதானே இந்த வீட்டை இழுத்துக் கட்டினீங்க, கல்யாணப் பேச்சு என்னாகுறது என்று வரிசையாகக் கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தவள் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னாள். "வீடு அவ பேர்லதான் இருக்கு. அவ வர்ற வரைக்கும் அது எங்கே ஓடிடப் போகுது? நீங்க போனப்ப மட்டும் நான் புடிச்சா வச்சேன்?" கண்ணில் தண்ணீர், வெங்காயம்தான் என்றாள். மறுநாள் கடைக்கு ஆள் அனுப்பிப் புதுச் சிரட்டை அகப்பை இரண்டு வாங்கி வரச் சொன்னாள். ஒன்று வீட்டுக்காம். இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அங்கே நீ எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. குளிர் ஊரில் பசி அதிகம் எடுக்கும் என்கிறார்கள், சமைக்கச் சோம்பல்படாதே. அறையில் கூட இருப்பவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் அவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேள். அதைக் கேட்டுவிட்டால் எந்த மனிதரும் பழகிவிடுவார் என்பதுதான் துபாயில் நான் கற்ற பாடம். எனக்கு ஊரில் கிப்லா மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே, துபாயில் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே. உனக்கு அங்கே தென்கிழக்கே திரும்ப வேண்டியிருக்கும், முதல் நாட்களில் தடுமாறும், பிறகு உடம்பே திரும்பிக்கொள்ளும். தினமும் போன் பண்ண வேண்டாம். பண்ணும்போது மட்டும், நான் கேசட்டில் பேசியது போல 'ரொம்ப நல்லா இருக்கேன்' என்று பூசாதே. உன் அளவுக்கு இல்லையென்றாலும், எனக்கும் கொஞ்சம் காது உண்டு.

பெட்டி தயார். நாங்கள் துபாய்க்குக் கட்டிய மாதிரியே அட்டைப்பெட்டி, குறுக்கும் நெடுக்கும் கயிறு, எல்லாப் பக்கமும் மார்க்கரில் உன் பெயரும் அதிராம்பட்டினமும். இப்போதெல்லாம் சூட்கேஸ்தான் என்று சொல்வாய், அதுவும் வாங்கி வைத்திருக்கிறது. ஆனால் இந்தப் பெட்டியும் உன்னோடு வரட்டும். நேற்று உன் உம்மாவும் நானும் அதைத் தள்ளித் தள்ளிக் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தோம். பீரோ அங்கிருந்து எட்டாது. நடைவண்டி இரும்பு, அதை வாசலிலேயே விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். காம்பஸை மேலே வைத்து, முள் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, வடக்கைப் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறேன். ஒரு கை அவள் தோளில் இருந்ததால் கோடு கொஞ்சம் வளைந்திருக்கிறது, திசை சரிதான்.

இனி அதை யாரும் தொட மாட்டோம், நீ வந்து தூக்கு. நான் குடையை மடக்கிவிட்டுத் தள்ளித்தான் நிற்கிறேன்.

உன் வாப்பா